டைமருக்குக் கேட்காத வெடி

மனைவி வாண்டா ரொட்டிக்கு மாவு நிறுக்கும் தராசில், லமார் ஸெக்மன் தன் துப்பாக்கியிலிருந்து கழற்றிய போல்ட் என்ற இரும்புத் துண்டைக் கொண்டுவந்து வைத்தார். முள் ஆடி நின்றது. குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ம்ஹூம். இன்னும் குறையணும்."

"லமார், அது ரொட்டித் தராசு."

"துடைச்சுட்டுத்தான் வச்சேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. சர்ச் விருந்துல பாஸ்டர் என் கேக்கை ஒரு வாய் தின்னுட்டு, 'வாண்டா, வாசனையா ஏதோ புதுசா போட்டிருக்கியே, என்னது?'ங்கறார். துப்பாக்கி எண்ணெய்னு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?"

"பிடிச்சிருந்துச்சாமா அவருக்கு?"

வாண்டா மாவுக் கையாலேயே அவரைச் சமையலறையிலிருந்து தள்ளினாள். போல்ட் மட்டும் தராசில் தங்கிவிட்டது. அரை மணி கழித்து அவர் பூனை மாதிரி வந்து அதை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். மான் வேட்டைக்கு அது ஆகாது. சின்னக் குண்டு, ஒருமுறை விசையை இழுத்தால் ஒன்று வெடிக்கும், அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். பென்சில்வேனியாவின் அந்தப் பள்ளத்தாக்கில் அப்படியொன்று இல்லாத வீடு கிடையாது. லமார் வாங்கியபோது அது தோளில் அணைக்கும் வால்நட் மரக் கட்டையும் தடித்த இரும்புக் குழலுமாகக் கொழுத்த கன்றுக்குட்டி கனத்தில் இருந்தது. அதைத்தான் இந்தக் குளிர்காலம் முழுக்க அவர் பட்டினி போட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் கட்டை போனது. அதற்குப் பதில் உள்ளே பொந்தாக இருக்கும் பிளாஸ்டிக் கட்டை ஒன்று தபாலில் வந்தது. பிறகு குழல் போனது; பென்சில் தடிமனில் எஃகு, அதன்மேல் அலுமினிய உறை. விசை, பிடி, திருகாணிகள் என்று ஒவ்வொன்றாக மாறின. ஒரு திருகாணியில் என்ன எடை குறைந்துவிடப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். துப்பாக்கி கிளப்பில் பதிவுப் பொறுப்பைப் பார்க்கும் டெனிஸ் கிளிங்கரும் அதைத்தான் கேட்டாள், கொஞ்சம் வேறு மாதிரி.

"யோவ் லமார், துப்பாக்கியில அவுன்ஸ் அவுன்ஸா சுரண்டிக்கிட்டிருக்கியே, உன் தொப்பையில ரெண்டு பவுண்டு குறைச்சா வேலை சுளுவா முடிஞ்சிடுமே!"

"தொப்பை நிக்கிறதுக்கு. துப்பாக்கி திரும்புறதுக்கு. ரெண்டும் வேற."

லமார் இப்படி எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார். ஆனால் எதற்காக இவ்வளவும் என்று கேட்டால் மட்டும், "இந்த வருஷம் நான் போட்டிக்குப் போயே தீருவேன்" என்பதோடு வாயை மூடிக்கொள்வார். அதில் பாதிதான் உண்மை. மீதி பாதியை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். ஒவ்வொரு ஜூனிலும் ஈரி ஏரிக்கரையில் இரும்புத் தட்டுச் சுடும் போட்டி மாநில அளவில் நடக்கும். ஒரு கிளப்பிலிருந்து இரண்டே பேர். பல வருஷமாக அந்த இரண்டு பேர் வாண்டாவும் லமாரும்தான். வாண்டா முதலாவது, லமார் இரண்டாவது. அதில் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை. ஸெக்மன் வீட்டில் நாற்பது கறவை மாடுகள். விடிவதற்கு முன் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை; மாட்டுக்குக் கிறிஸ்துமஸும் தெரியாது, காய்ச்சலும் தெரியாது. அந்தப் போட்டிக்காக மட்டும்தான் மகன் பிரெண்ட் ஹாரிஸ்பர்க்கிலிருந்து வந்து மூன்று நாள் மாட்டைப் பார்த்துக்கொள்வான். அந்த மூன்று நாளும் இருவரும் ஏரிக்கரை மரவீட்டில் வெயில் ஏறும் வரை தூங்குவார்கள். பொரித்த மீனைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு தண்ணீரோரம் உட்காருவார்கள். வாண்டா செருப்பைக் கழற்றிவிட்டுப் பேச ஆரம்பிப்பாள். வருஷம் முழுக்கப் பேசாததையெல்லாம் பேசுவாள். வீட்டில் அவர்கள் பேசிக்கொள்வது பால், தீவனம், எந்த மாடு காலைத் தூக்கி உதைத்தது என்பதுதான். தன் மனைவி நன்றாகச் சிரிக்க வைப்பாள் என்பதே லமாருக்கு வருஷத்துக்கு ஒருமுறை ஏரிக்கரையில்தான் ஞாபகம் வரும்.

இந்தச் சுகத்தில் மண் விழுந்தது கர்ட் ஃபெட்டரால்ஃபால். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். பொழுது போகவில்லை என்று கிளப்புக்கு வந்தார், வந்த ஆறு மாதத்தில் லமாரைத் தாண்டிவிட்டார். முப்பது வருஷம் அறுபது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் பஸ் ஓட்டியவருக்குக் கை நடுங்குமா என்ன? நல்ல மனிதர்தான். ஒரே குறை, அவருக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆகியிருந்தது, அதை யாரிடமும் முழுசாகச் சொல்லி முடிக்க இன்னும் வாய்ப்புக் கிடைத்திருக்கவில்லை.

நவம்பரில் கிளப் சாப்பாட்டின்போது, பீட்ரூட் சாற்றில் ஊறிய முட்டையை ஃபோர்க்கில் குத்திப் பிடித்தபடி கர்ட் சொன்னார்: "இந்தத் தடவை ஏரிக்கு நானும் வாண்டாவும்தான் போலிருக்கு. லமார், நீ மனசை விட்டுடாதய்யா. நீயும் கூட வா. வாண்டாவோட பையைத் தூக்க ஒரு ஆள் வேணாமா?"

மேஜையே சிரித்தது. வாண்டாவும் சிரித்தாள். அதுதான் லமாருக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரே பார்க்க மனைவியின் துப்பாக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நடப்பதா! வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தப் பிளாஸ்டிக் கட்டைக்கு ஆர்டர் போட்டார். 'எனக்கு உன்கூட ஏரிக்குப் போகணும்' என்று வாண்டாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்திய மனிதருக்கு அதைச் சொல்ல வெட்கம். இரும்பைச் சுரண்டுவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

எடை குறைந்தது, வேகம் கூடியது. ஆனால் இன்னொரு தலைவலி வந்தது. துப்பாக்கி இளைத்துப் போனதும் வெடிக்கும்போது மூக்கைத் தூக்க ஆரம்பித்தது. அதற்காகக் குழல் முனையில் திருகும் ஒரு துண்டை வாங்கினார். இரண்டு பக்கமும் துளை போட்டிருக்கும். புகையும் காற்றும் அந்தத் துளை வழியாகப் பக்கவாட்டில் பீய்ச்சும், மூக்கு எழும்பாது என்று விற்றவர் சொன்னார். மூக்கு எழும்பவில்லைதான். பக்கத்தில் நின்ற டெனிஸ்தான் எழும்பினாள்.

"என் காப்பியைப் பாருய்யா! கரித்தூள் மிதக்குது! காதுல பஞ்சு வச்சும் மண்டைக்குள்ள மணி அடிக்குது!"

"சின்னத் துண்டுதானே டெனிஸ்..."

"சின்னத் துண்டாம்! இன்னொரு தடவை இதை மாட்டிக்கிட்டு என் பக்கத்துல நின்ன, கிளப் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரிக்கிற பட்டியல்ல உன் பேரை எழுதிடுவேன்!"

ஆகவே அந்தத் துண்டு கழன்றது, சைலன்சர் வந்தது. அதற்கு அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போட்டு, கைரேகை வைத்து, பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. கையில் வந்தபோது லமார் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். காற்றுப் போல லேசான உலோகம், கட்டை விரல் தடிமன். குழல் முனையில் அது கொஞ்சம் கனம் கொடுத்ததால் மூக்கும் சொன்ன பேச்சைக் கேட்டது. மெதுவாகப் பறக்கும் குண்டாகப் பார்த்துப் போட்டால் வெடிச் சத்தமே தெரியாது. யாரோ பக்கத்து அறையில் தும்மலை அடக்கிய மாதிரி ஒரு 'ப்ஸ்க்'. தொழுவத்துக்குப் பின்னால் தட்டுகளை நட்டு அவர் பயிற்சி செய்தபோது மாடுகள் அசை போடுவதைக்கூட நிறுத்தவில்லை.

மே மாத ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு ஆள் எடுக்கும் சுற்று வைத்தார்கள். மழை பெய்து விட்டிருந்தது. மண் மேட்டுக்கு முன்னால் வெள்ளை பூசிய ஐந்து தட்டுகள். நாலை எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம். சிவப்புக் கம்பத்தில் இருப்பதைக் கடைசியாக அடிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டம். ஆகிற நேரத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள், குறைந்தவர் முதல். ஒரு தட்டைத் தவறவிட்டால் மூன்று நொடி அபராதம். நேரம் பார்ப்பது கையடக்கமான ஒரு சின்னக் கருவி, டைமர் என்பார்கள். சுடுபவரின் தோளுக்குப் பின்னால் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அது பீப் என்று கத்தும்; பிறகு வெடிச் சத்தத்தை ஒவ்வொன்றாகக் கேட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளும். அதற்குக் கண் கிடையாது, காது மட்டும்தான். இந்தக் கிளப்பின் டைமருக்குக் காதும் கொஞ்சம் மந்தம்.

கர்ட் முதலில் சுட்டார். மூன்று ஓட்டத்திலும் அவசரமே இல்லாமல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகளை இறக்கிவிடுகிற மாதிரி ஐந்து தட்டையும் அடித்தார். நல்ல நேரம்.

அடுத்து லமார். டைமரைப் பிடிக்கும் முறை வாண்டாவுடையது.

"தயாரா?" என்றாள். சுடும் இடத்தில் அவளுக்குப் புருஷன், அண்ணன், தம்பி யாரும் கிடையாது.

"தயார்."

பீப். ப்ஸ்க் ப்ஸ்க் ப்ஸ்க் ப்ஸ்க், ப்ஸ்க். தட்டுகள் கிண் கிண் என்று பாடின. கூட்டம் முன்னால் நகர்ந்தது. இரண்டாவது ஓட்டம் இன்னும் வேகம். கர்ட்டும் அவரும் கிட்டத்தட்டச் சரிசமம். மூன்றாவது ஓட்டத்தில் அவர் தன் வாழ்நாளில் சுடாத மாதிரி சுட்டார். துப்பாக்கி அவர் நினைப்பதற்கு முன்னாலேயே போய் நின்றது. கடைசித் தட்டு கிண் என்றபோது கர்ட்டே கையைத் தட்டினார்.

"சபாஷ்யா லமார்! நேரம் என்ன வாண்டா?"

வாண்டா டைமரைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கி ஒரு பொத்தானை அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள். அவள் கீழுதட்டைக் கடிப்பதை லமார் பார்த்தார். ஈனுகிற மாட்டின் வயிற்றில் கன்று குறுக்கே கிடந்தால் அவள் அப்படித்தான் கடிப்பாள்.

"நாலு வெடிதான் விழுந்திருக்கு" என்றாள். "கடைசி வெடி டைமருக்குக் கேக்கல. இதுல இருக்கறது நாலாவது வெடியோட நேரம். செல்லாது. மறுபடி சுடணும்."

"தட்டு அடிச்சது ஊருக்கே கேட்டுச்சே!"

"ஊருக்குக் கேட்டுச்சு. டைமருக்குக் கேக்கல."

அவள் கையிலிருந்த எண்ணை வேறு யாரும் பார்க்கவில்லை. அதை அப்படியே படித்திருந்தால் ஒரு ஈ காக்கைகூடக் கேள்வி கேட்டிருக்காது. லமாருக்கு அது தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

டெனிஸ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "சத்தம் போடாதய்யான்னு சொன்னேன். அதுக்காக இப்படியா ஊமை ஆக்குவ? உலகத்துலயே சத்தம் பத்தலன்னு மறுபடி சுட்டவன் நீ ஒருத்தனாத்தான் இருப்ப!"

வேறு வழியில்லை. கையுறை போட்டுக்கொண்டு, சூடேறியிருந்த சைலன்சரைத் திருகிக் கழற்றினார். அது போனதும் துப்பாக்கி முனையில் கனம் என்று எதுவும் மிச்சமில்லை. தோளில் வைத்துப் பார்த்தார். குளிர்காலம் முழுக்கச் சுரண்டிய ஒவ்வொரு அவுன்ஸும் இப்போது பழி வாங்கப் போகிறது என்று தெரிந்தது.

பீப். முதல் தட்டு, இரண்டாவது தட்டு சரி. மூன்றாவதற்குத் திருப்பினார், துப்பாக்கி அதைத் தாண்டி வேலிப் பக்கம் போய்விட்டது. இழுத்து வந்தார், இந்தப் பக்கம் தாண்டியது. நிற்க மாட்டேன் என்கிறது! சுட்டார், மண் தெறித்தது. மறுபடி சுட்டு, தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் அடித்து முடித்தார். வெடி ஒவ்வொன்றும் டைமருக்கு நன்றாகவே கேட்டது. கூட்டிப் பார்த்தால் கர்ட்டுக்கு இரண்டு நொடி பின்னால்.

"நல்ல முயற்சி" என்றார் கர்ட். அவர் மனசாரத்தான் சொன்னார். லமாருக்கு அவரைப் பித்தப்பையோடு சேர்த்து ஏரியில் தள்ள வேண்டும் போலிருந்தது.

வாண்டா டைமரை டெனிஸிடம் கொடுத்துவிட்டுச் சுட வந்தாள். அவளுடைய துப்பாக்கி கடையில் வாங்கியபடியே வால்நட் கட்டையோடு கனமாக இருந்தது. முதல் இரண்டு ஓட்டத்தில் கர்ட்டை வெகு தூரம் பின்னால் விட்டாள். மூன்றாவது வெறும் சம்பிரதாயம்தான் என்று டெனிஸ் பதிவுத் தாளை மடிக்கவே தொடங்கிவிட்டாள்.

பீப். வாண்டா இடப்பக்கத்து இரண்டு தட்டையும் அடித்தாள். வலப்பக்கம் திரும்பினாள், இரண்டு முறை சுட்டாள். கிண் இல்லை. சிவப்புக் கம்பத்துத் தட்டை அடித்துவிட்டுத் துப்பாக்கியைத் தாழ்த்தினாள்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வலப்பக்கத்து இரண்டு தட்டும் வெள்ளை மாறாமல் நின்றன. ஆறு நொடி அபராதம். டெனிஸ் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். கர்ட் ஃபெட்டரால்ஃப் முதலாவது. லமார் ஸெக்மன் இரண்டாவது. வாண்டா மூன்றாவது.

கைதட்டல் வெடித்தது. கர்ட் ஓடி வந்து லமாரைக் கட்டிக்கொண்டார். "ரெண்டு பேரும் போறோம்யா! மூணு நாள்! ஒரே வீடு! அந்த ஆபரேஷன் கதையை உனக்கு ஆதியிலேர்ந்து சொல்றேன், டாக்டர் கல்லை ஒரு குப்பியில போட்டுக் குடுத்தார் தெரியுமா, அதையும் எடுத்துட்டு வர்றேன்!"

லமார் தலையாட்டினார். அழுகை வராத குறைதான்.

வீட்டுக்குத் திரும்பும்போது லமார்தான் வண்டி ஓட்டினார். தீவன ஆலையைத் தாண்டும்போது லமாரால் பொறுக்க முடியவில்லை.

"வேணும்னேதானே விட்ட?"

"எதை?"

"அந்த ரெண்டு தட்டை."

"காத்து தள்ளிடுச்சு."

"ஒரு இலைகூட அசையல வாண்டா."

வாண்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சரி, விட்டேன். அதுக்கு என்ன இப்ப? நவம்பர்லேர்ந்து போயே தீருவேன், போயே தீருவேன்னு நீ உயிரை விட்டுக்கிட்டிருக்க. என் தராசு போச்சு, என் கேக்கு போச்சு. அவ்வளவு ஆசைன்னா போயிட்டு வாயேன்னு தோணுச்சு. நான் எத்தனை தடவை போயிருக்கேன்."

"அப்ப டைமர் கேக்கலன்னு எதுக்குச் சொன்ன? நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அங்கேயே முடிஞ்சிருக்குமே!"

"டைமர் கிளப்போடது. அதுல பொய் சொன்னா கர்ட்டோட இடத்தைத் திருடினதா ஆகும். என் தட்டு என்னோடது. அதை நான் யாருக்கு வேணா விட்டுக்குடுப்பேன்."

லமார் வண்டியைச் சாலையோரம் நிறுத்தினார். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே இருந்த மக்காச்சோள வயலிடம் சொல்வது மாதிரி சொன்னார்.

"போட்டி யாருக்கு வேணும்? நான் உன்கூடப் போறதுக்குத்தான் இவ்வளவும் பண்ணினேன். நீ காலைத் தண்ணியில விட்டுக்கிட்டுப் பேசுவியே... அது எனக்கு வேணும். வருஷத்துல அந்த மூணு நாளுதான் நீ எனக்குக் கிடைக்கற. இப்ப கர்ட் கிடைச்சிருக்கான்."

வாண்டா ஜன்னலை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். பிறகு, "இதை நவம்பர்லயே சொல்றதுக்கு என்ன கேடு?" என்றாள்.

"வெட்கமா இருந்துச்சு."

"ஜெயிக்கலன்னாலும் சும்மா வந்திருக்கலாமே. யார் வேணாம்னது?"

"எப்படி வர்றது? உன் பையைத் தூக்கிக்கிட்டா? கர்ட் சொன்னப்ப நீயும்தானே சிரிச்ச?"

வாண்டா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள்.

"பிரெண்ட்டுக்குப் போன் போடு. மூணு நாளைக்கு மாட்டைப் பாத்துக்கச் சொல்லு. நானும் வர்றேன்."

"நீ போட்டியில இல்லையே?"

"உன் பையைத் தூக்கிக்கிட்டு வர்றேன். அதுல எடைன்னு எதை மிச்சம் வச்சிருக்க நீ?"

குளிர்காலம் முழுக்க இரும்பைச் சுரண்டிச் சுரண்டி அவர் தப்பிக்கப் பார்த்த வேலையை, அவள் ஒரு மூச்சில் ஏற்றுக்கொண்டுவிட்டாள். லமாருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. அவர் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார்.